நீர் அரிய நிலத்தில் நூற்றெட்டுத் தாரைகள்

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் நேபாள நாட்டில் அமைந்தது சாளக்கிராமம் ஒன்றே. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய இத்தலத்தை இன்று முக்திநாத் என்று வழங்குகிறோம். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் இப்பெருமானைப் பாடியுள்ளார். ஸ்ரீமூர்த்திப் பெருமாள், ஸ்ரீதேவி நாச்சியார் என்னும் திருநாமங்களும், ஆலயத்தின் பின்புறம் பொழியும் நூற்றெட்டுத் தாரைகளும், கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களும் நம் இல்லங்களில் பேசிப் பழகியவை. ஆயினும் அத்தலம் ஒரு பாலைநிலத்தின் வாசலில் இருக்கிறது என்பதை, அங்குச் சென்று திரும்பியவர்களிலும் பலர் உணர்வதில்லை. வண்டியில் ஏறி ஒரே நாளில் மேலே சென்று, மறுநாளே கீழே இறங்கிவிடுபவர்களுக்கு அதை உணர நேரமும் வாய்ப்பதில்லை.

சென்ற ஐப்பசியில் நாங்கள் ஐவர் ஜோம்சோம் என்னும் ஊரிலிருந்து முக்திநாத் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டோம். பின்னர் எங்களுள் மூவர் அங்கிருந்து வடக்கே, லோ மாந்தாங் என்னும் மதில் சூழ்ந்த பழைய தலைநகர் வரையிலும் நடந்து சென்று வந்தோம். ஐவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மூத்தவருக்கு 71 வயது. அந்த நடையைப் பற்றியும், நீர் என்பது அந்நிலத்தில் எத்தகைய பொருள் என்பதைப் பற்றியும் இவ்வாரம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மலையின் மறுபுறம்

இமயம் என்றதும் பசுமையும் அருவிகளும் தேவதாரு மரங்களும் நம் மனக்கண்ணில் தோன்றும். அது மலையின் தென்முகம். வடமுகம் வேறு. தெற்கிலிருந்து எழும் பருவமழை மேகங்கள் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா மீதும், 8,167 மீட்டர் உயரமுள்ள தௌலகிரி மீதும் மோதித் தம் சுமை அனைத்தையும் தென்சரிவிலேயே இறக்கிவிடுகின்றன. பொக்காரா நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், மலைக்குப் பின்னால் இருக்கும் ஜோம்சோமில் பெய்வது ஏறத்தாழ 300 மில்லிமீட்டரே. மேலும் வடக்கே செல்லச் செல்ல அதுவும் குறைகிறது. நம் முன்னோர் பாலை என்று வகுத்தது வெயில் காய்ந்து விளைந்த நிலம். இது மழை மறைந்து விளைந்த பாலை. குளிரும் காற்றும் ஆளும் பாலை.

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானங்கள் செல்கின்றன. அவ்விரு மாமலைகளுக்கும் இடையே உள்ள காளி கண்டகியின் பள்ளத்தாக்கு வழியாகவே அவை பறக்கின்றன. காலை வேளையில் மட்டுமே விமானம் உண்டு. முற்பகல் கடந்ததும் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து எழும் பெருங்காற்றே அதற்குக் காரணம். புறப்படும்போது கீழே நெல்வயல்கள். இறங்கும்போது எதிரே காவியும் சாம்பலும் செம்மையுமாகப் பல நிறங்களில் காய்ந்து நிற்கும் மண்மலைகள். அரைமணி நேரத்திற்குள் ஒரு தேசம் முடிந்து மற்றொரு தேசம் தொடங்கிவிடுகிறது.

பிஸ்தாரை, பிஸ்தாரை

ஜோம்சோம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அன்று அங்கேயே தங்கி, மறுநாள் விடியற்காலையில் நடக்கத் தொடங்கினோம். வழி பெரும்பாலும் காளி கண்டகியின் அகன்ற படுகையை ஒட்டியே செல்கிறது. படுகை முழுவதும் சாம்பல் நிறக் கூழாங்கற்கள். நடுவே நதி, மழைக்காலம் நீங்கலாக, நாலைந்து மெல்லிய கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது.

அக்கற்களுக்கிடையேதான் சாளக்கிராமங்கள் கிடைக்கின்றன. பிருந்தையின் சாபத்தால் பகவான் கல்லுருவானதும், துளசி கண்டகி நதியானதும் நாம் அறிந்த வரலாறு. நில இயல் அறிஞர்கள் சொல்வது, இமயம் எழுவதற்கு முன் இங்கே டெதிஸ் என்னும் கடல் இருந்தது என்பதாகும். அக்கடலில் வாழ்ந்த, சுருள் ஓடுடைய உயிர்கள் சேற்றில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகி, மலையோடு சேர்ந்து மேலெழுந்தன. சாளக்கிராமத்தில் நாம் தரிசிக்கும் சக்கரம் அச்சுருளே. இரண்டு விளக்கங்களையும் மனத்தில் ஏந்தி நடந்தபோது எனக்கு முரண்பாடு ஏதும் தோன்றவில்லை. மழையே காணாத நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்னும் செய்தியும் அவன் லீலையாகவே தோன்றியது.

எங்கள் வழிகாட்டி அப்பகுதியைச் சேர்ந்த இளைஞர். முதியவர்களை அவர் ‘புவா’ என்று அழைப்பார். நேபாள மொழியில் தந்தை என்று பொருள். அவர் எங்களுக்குக் கற்பித்த முதல் சொல் ‘பிஸ்தாரை’. மெதுவாக என்பது அதன் பொருள். “பிஸ்தாரை, புவா, பிஸ்தாரை” என்று ஒரு நாளில் நூறு முறையாவது சொல்லியிருப்பார். மூச்சு வாங்காமல் பேச இயலும் அளவிற்கு மட்டுமே நடக்க வேண்டும். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிட வேண்டும். இதுவே அவர் வகுத்த விதி. நாங்கள் அதனுடன் ஒரு திருநாமத்தைச் சேர்த்துக்கொண்டோம். ஓர் அடிக்கு ஒரு நாமம். நாமம் தெளிவாக வாயில் வரும்வரை நடை, குழறினால் ஓய்வு.

முற்பகல் பதினொரு மணிக்குள் அன்றைய நடையை முடித்துவிடுவோம். அதன்பின் எழும் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். எதிரே வருபவர் குரலும் கேட்காது.

காகபேணிச் சங்கமம்

ஜோம்சோமிலிருந்து மூன்று மணி நேர நடையில், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் காகபேணி உள்ளது. முக்திநாத்தின் பக்கமிருந்து இறங்கி வரும் ஜோங் ஓடை இங்கே காளி கண்டகியோடு கலக்கிறது. இச்சங்கமத்தில் பித்ருக்களுக்குச் சிராத்தம் செய்வது மிகவும் விசேஷம் என்று கருதி நேபாளத்திலிருந்தும் பாரதத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். மண்சுவர் வீடுகள், தட்டையான மண்கூரைகள், கூரை விளிம்பில் அடுக்கிய விறகு, வாற்கோதுமை வயல்கள், வில்லோ மரங்கள். சுற்றிலும் வெறும் மண்மலை. நடுவே உள்ளங்கை அளவு பசுமை. நீர் பாயும் எல்லையோடு அப்பசுமை, கத்தியால் வெட்டியது போல முடிந்துவிடுகிறது.

காகபேணியில் இரண்டு இரவுகள் தங்கினோம். பின்னர்க் கிங்கரில் ஓர் இரவு, ஜார்கோட்டில் ஓர் இரவு என்று உடலை உயரத்திற்குப் பழக்கிக்கொண்டு மேலேறினோம். ஜார்கோட் சுமார் 3,550 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஆலயம் ஒரு மணி நேர நடைதான்.

அவ்விடத்தில் எங்கள் குழுவின் மூத்தவர் விடியற்காலையில் கடுமையான தலைவலியுடன் எழுந்தார். இருமுறை குமட்டியது. சிறிது நேரம் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார். வழிகாட்டி உடன்படவில்லை. “மேலே போகப்போக இது கூடும், புவா. கீழே இறங்குவதுதான் மருந்து” என்றார்.

“நாற்பது ஆண்டு ஆசையப்பா. இன்னும் ஒரு மணி நேர நடை. இங்கே வந்து திரும்புவதா?” என்று கேட்டார் மூத்தவர். அவர் குரல் உடைந்துவிட்டது. எங்களுக்கும் விடை சொல்லத் தெரியவில்லை.

“பகவான் எங்கும் போய்விட மாட்டார், புவா. நீங்கள் நலமாக வீடு திரும்ப வேண்டும்” என்றார் அந்த இளைஞர்.

அவர் இறங்கினார். எங்களுள் ஒருவர் தம் தரிசனத்தையும் விட்டுவிட்டு அவருக்குத் துணையாக உடன் சென்றார். அன்று மாலைக்குள் காகபேணியில் தலைவலி நீங்கிவிட்டது. மறுநாள் காலை சங்கமத்தில் நீரெடுத்துத் தம் பெற்றோருக்குத் தர்ப்பணம் செய்திருக்கிறார். அப்போது அங்கிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் ஓடையைக் காட்டி, இது முக்திநாத்திலிருந்து வரும் நீர் என்று சொன்னாராம். நாங்கள் பின்னர் அவரைச் சந்தித்தபோது, “நான் ஏறிச் சென்று சேவிக்க முடியவில்லை. அவன் தீர்த்தமாக இறங்கி வந்து எனக்குச் சேவை சாதித்தான்” என்றார். அவர் முகத்தில் குறை ஏதும் தெரியவில்லை.

நூற்றெட்டுத் தாரைகள்

ராணிபௌவா என்னும் ஊரிலிருந்து அரைமணி நேரம் மேலே நடந்தால் ஆலயம். உயரம் சுமார் 3,710 மீட்டர். பகோடா அமைப்பிலான சிறிய சந்நிதி. உள்ளே சங்கு சக்கரத்துடன் பெருமாள், இருமருங்கும் தேவியர். இப்பெருமானையே பௌத்தர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகின்றனர். ஆலயப் பணியில் பௌத்தத் துறவியரான பெண்மணிகள் ஈடுபட்டிருப்பதைக் காணலாம். யாருடைய தெய்வம் என்ற வழக்கு அங்கே எழவில்லை. கீழே ஜ்வாலாமாயி சந்நிதியில், நிலத்தடியிலிருந்து கசியும் இயற்கை வாயு நீரோட்டத்தின் அருகே நீலச் சுடராக எரிகிறது. நீரும் நெருப்பும் அடுத்தடுத்து நிற்கும் அக்காட்சி இரு சமயத்தாருக்கும் புனிதம்.

சந்நிதியின் பின்னே அரைவட்டமான சுவரில் நூற்றெட்டுக் காளை முகங்கள். அவற்றின் வாய் வழியே பனியுருகிய நீர் இடையறாது பொழிகிறது. திபெத்திய மொழியில் இத்தலத்திற்குச் சூமிக் கியாத்ஸா என்று பெயர். நூற்றுக்கு மேற்பட்ட ஊற்றுகள் என்பது அதன் பொருள். நாம் பெருமாளின் பெயரால் அழைக்கும் தலத்தை அந்நில மக்கள் நீரின் பெயரால் அழைக்கிறார்கள்!

நான்கைந்து நாட்கள் மண்ணும் கல்லும் காற்றுமாகக் கிடந்த வழியில் நடந்து, குடிநீரைக் குப்பியில் அளந்து குடித்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தவனுக்கு அந்த நீரொலி எப்படிக் கேட்கும் என்பதை எழுத்தில் சொல்வது அரிது. தாரைகளின் கீழ் ஓடிக் குளிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு தாரையிலும் விரல்களை நனைத்துச் சிரசில் தெளித்துக்கொண்டேன். நூற்றெட்டும் முடிய நெடுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் ‘தீர்த்தம்’ என்னும் ஒரே சொல்லே மனத்தில் நின்றது. நீர்வளம் மிக்க ஊர்களில் அது கோவிலில் கிடைக்கும் பொருள்களுள் ஒன்று. இங்கே அதுவே கோவில்.

ஊரை விட்டுச் சென்ற நீர்

முக்திநாத்திலிருந்து காகபேணிக்குத் திரும்பி, அங்கிருந்து வடக்கே சென்றோம். இது மேல் முஸ்தாங். 1992 வரை அயல்நாட்டவர்க்கு மூடப்பட்டிருந்த பகுதி. இன்றும் அயல்நாட்டவர் செல்லத் தனி அனுமதி வேண்டும். சேலே, சியாங்போசே, காமி, சாராங் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து லோ மாந்தாங்கை அடைந்தோம். நாளொன்றுக்கு ஓரிரு கணவாய்களை ஏறி இறங்க வேண்டும். செங்குத்தான மண்பாறைகளில், மனித உயரத்திற்கு எட்டாத இடங்களில் பழங்காலத்தவர் குடைந்த குகைகள் தேன்கூட்டின் அறைகள்போல் தெரிகின்றன. இரண்டு ஊர்களுக்கிடையே பல மணி நேரம் ஒரு மரமும் இல்லை. இப்போது வண்டிப்பாதை வந்துவிட்டது. ஆயினும் பழைய நடைவழிகளில் குதிரைகளும் ஆட்டு மந்தைகளும் செல்கின்றன.

அவ்வூர்களின் வாழ்வு பனியைச் சார்ந்தது. வங்கியில் பணியாற்றியவனுக்கு இது எளிதில் விளங்கியது. குளிர்காலத்தில் மலைமேல் விழும் பனி வைப்புத்தொகை. வேனிலில் அது சிறிது சிறிதாக உருகி ஓடையில் வருவது அவர்கள் பெறும் தவணை. அந்நீரைக் கால்வாயில் இட்டு, குளத்தில் தேக்கி, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறைவைத்து வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். வாற்கோதுமையும், வடநாட்டார் விரத நாட்களில் உண்ணும் குட்டு என்னும் தானியமும் விளைகின்றன. ஒருவர் முறையை மற்றவர் எடுத்துக்கொள்வது அங்கே பெரும் பிழை.

அந்த வைப்புத்தொகை இப்போது குறைந்து வருகிறது. லோ மாந்தாங்கிற்கு வடகிழக்கே சம்சோங் என்றொரு சிற்றூர். இருபதுக்கும் குறைவான குடும்பங்கள். ஓடை வற்றி, வயல்கள் காய்ந்து, குடிநீருக்கே வழியற்ற நிலையில் அவர்கள் ஊரையே பெயர்த்துக்கொண்டு செல்ல நேர்ந்தது. லோ நாட்டின் கடைசி மன்னராக இருந்து 2016-இல் மறைந்த ஜிக்மே தோர்ஜே பல்பர் பிஸ்தா, லோ மாந்தாங்கிற்கு அருகில் ஆற்றோரமாக அவர்களுக்கு நிலம் அளித்தார். நமசுங் என்னும் புதிய குடியிருப்பு அங்கே எழுந்தது. மன்னராட்சி 2008-இல் முடிந்துவிட்ட போதிலும், குடிகளுக்குத் தண்ணீர் உள்ள இடத்தில் நிலம் தரும் கடமை அவரோடு நின்றிருந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

ஓர் ஊரை விட்டுப் பெயர்வது என்றால் என்ன என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டைக் கட்டலாம், வயலைத் திருத்தலாம். தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய இடத்தையும், முன்னோர் எரியுண்ட மண்ணையும் எந்த வண்டியில் ஏற்றுவது?

குறைவு ஒருபுறம், பழக்கமற்ற மிகை மறுபுறம். 2023 ஆகஸ்ட்டில், மழையே அரிதான அப்பகுதியில் பெய்த மழையால் ஓடை பெருக்கெடுத்துக் காகபேணிக்குள் புகுந்தது. வீடுகளும் பாலமும் சேதமுற்றன. மழையை எதிர்பாராமல் கட்டிய மண்வீடுகள் அவை. எங்கள் மூத்தவர் தர்ப்பணம் செய்த, காலை நனைக்கும் அளவே நீர் ஓடிய அதே ஓடைதான் அது.

இவற்றைக் கண்டபின் நூற்றெட்டுத் தாரைகள் என் மனத்தில் வேறு வடிவம் கொண்டன. அவை நமக்காகவே வற்றாது பொழிந்துகொண்டிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். பனி பெய்யும்வரை பொழியும். அது நம்மிடம் கொடுக்கப்பட்ட சொத்தன்று. நம் கைவழியே கீழே உள்ள வயலுக்குச் செல்லும் நீர்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு

முக்திநாத் செல்ல விழையும் முதியோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரையிலும், புரட்டாசி பிற்பகுதி முதல் கார்த்திகை தொடக்கம் வரையிலும் ஏற்ற காலம். ஆலயத்தின் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 800 மீட்டர் உயரத்திலுள்ள பொக்காராவிலிருந்து வண்டியிலோ ஹெலிகாப்டரிலோ ஒரே நாளில் மேலே செல்வதைக் கூடியவரை தவிர்க்கவும். ஜோம்சோமிலோ காகபேணியிலோ இரண்டு இரவுகள் தங்குவது நன்று. 3,000 மீட்டரைக் கடந்தபின், உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடாதிருப்பது நலம். இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் குறையுள்ளவர்கள் தம் மருத்துவரிடம் உயரத்தைக் குறிப்பிட்டுக் கேட்காமல் புறப்படலாகாது. உயரத்திற்கான மாத்திரையையும் அவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும்.

தலைவலி, குமட்டல் தோன்றினால் மேலே ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், இரவானாலும் உடனே கீழே இறங்குங்கள். தரிசனத்திற்கு மிக அருகில் வந்துவிட்டோம் என்ற எண்ணமே அங்கே பெரிய அபாயம்.

தாரைகளின் கீழ்க் குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். அது பனிநீர். அவ்வுயரத்தில் உடல் திடீரென்று குளிர்வது முதியோர்க்குக் கேடு விளைக்கும். இயலாதவர்களுக்குப் புரோக்ஷணமே போதும் என்று நம் பெரியோர் இடம் கொடுத்திருக்கிறார்கள். குளிப்பவர்கள் சோப்பும் எண்ணெயும் கொண்டு செல்லாதிருக்க வேண்டும். நனைந்த துணிகளையும் நெகிழிக் குப்பிகளையும் அங்கே விட்டு வரலாகாது. அந்நீர் ஓடிச் சேருமிடத்தில் ஒருவர் பித்ருகாரியம் செய்துகொண்டிருப்பார். மற்றொருவர் தம் முறைக்காக மண்வெட்டியோடு வயல் வரப்பில் நின்றிருப்பார்.

இனி, முழங்கால் இடம் தராத அன்பர்களுக்கு ஒரு சொல். கண்டகி காகபேணியோடு நிற்பதில்லை. மாமலைகளைப் பிளந்து, நேபாளத்தைக் கடந்து, பீகாரில் பாய்ந்து, பாட்னாவிற்கு எதிர்க்கரையில் சோன்பூர், ஹாஜிப்பூர் அருகே கங்கையில் கலக்கிறது. சோன்பூர் ஹரிஹரநாதர் ஆலயம் உள்ள ஊர். கஜேந்திரனுக்குப் பகவான் அருள் புரிந்த இடமென்று அப்பகுதி மக்கள் போற்றும் தலம். யானை நீரிலிருந்து கரையேற இயலாமல் கூப்பிட்டது. அவன் அங்கேயே வந்தான். மலைமேல் ஏற இயலாதவர்கள் அச்சங்கமத்தில் நின்று ஒரு கை நீர் எடுக்கலாம். சாளக்கிராமத்துப் பனியும் அதில் கலந்திருக்கும்.